பெயர் மறைத்து எழுதியவள்

ஆம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பலகையில் இருக்கும் பெயர்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஷூ கம்பெனிப் பெண்கள். பி.எஃப். பணம் எடுக்க, ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் போட என்று வருவார்கள். ஒரே கேள்வியை ஒரு நாளில் பத்துப் பேர் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால்தான் செல்போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர் பதில் சொல்லலாம். வேறு பெரிய நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

குழு வளர்ந்தது. பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி பக்கமிருந்தெல்லாம் பெண்கள் சேர்ந்தார்கள். கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வருகிறது, எங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள், எங்கே ஸ்டிச்சிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமையாக இருக்கும். கடைத்தெருவில் யாராவது 'அந்த க்ரூப் நடத்தற அக்கா' என்று என்னைக் காட்டினால் காதில் விழாத மாதிரி நடந்துபோவேன். விழ வேண்டும் என்றுதான் மெதுவாக நடப்பேன்.

கூட்டம் சேர்ந்ததும் திருடர்களும் வந்தார்கள். ஓசூரில் வேலை, தங்க இடம் இலவசம், பதிவுக்கு மட்டும் பணம் அனுப்புங்கள் என்று ஒருவன் போட்டதை நம்பிச் சில பெண்கள் ஏமாந்தார்கள். இன்னொருவன் குழுவில் இருக்கும் பெண்களின் படங்களை எடுத்து அவர்களுக்கே அசிங்கமாக எழுதி அனுப்பினான். கடையில் ஆள் நிற்கும்போது நான் செல்லைத் தொட முடியாது. தொடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கூட ஓர் ஆள் இல்லாமல் முடியாது என்று புரிந்தது.

அப்போதுதான் குழுவுக்கு ஓர் அண்ணன் வந்தார். முன்பு ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். பிறகு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் தொழிலில் இறங்கியிருந்தார். போலி விளம்பரத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். அதில் இருக்கும் நம்பருக்கு அவரே போன் செய்து திட்டுவார். ஒரு நாள் கடையில் என் எதிரில் நின்றுகொண்டு, "தங்கச்சி, நீ கடையப் பாரு. இந்தக் குப்பைய நான் கூட்டறேன்" என்றார். அவர் நிற்கும்போதே அவர் பெயரைத் தொட்டு அட்மின் ஆக்கினேன். எனக்கு இருந்த அத்தனை அதிகாரமும் அவருக்கும் போனது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை.

அவர் எந்தெந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறார், எந்த ஹெச்.ஆர். அவருக்கு வேண்டியவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சேர்த்தேன். உள்ளே ஆள் இருந்தால் வேலைச் செய்தி முதலில் நம் குழுவுக்கு வரும் என்று நினைத்தேன். வந்தது. அவர் சேர்த்துவிடும் பெண்கள் பேப்பர் வேலைக்கு என் கடைக்கே வந்தார்கள். அதுவும் எனக்குக் கசக்கவில்லை.

அந்தக் குழுவில் பெயர் காட்டாமல் எழுத ஒரு வசதி உண்டு. பெண்களுக்குக் கேட்க எத்தனையோ இருக்கும், பெயரோடு கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று அதை நான்தான் திறந்துவிட்டேன். குழுவின் தலைப்பிலேயே 'பெயர் வராது, தைரியமாக எழுதுங்கள்' என்றும் எழுதிவைத்தேன். மற்றவர்களுக்குத்தான் பெயர் வராது. அட்மின்களுக்கு வரும். எழுதும்போது செல்லே அதைச் சின்ன எழுத்தில் சொல்லும். அதை யாரும் படிப்பதில்லை. நான் எழுதிய பெரிய எழுத்தைத்தான் எல்லோரும் படித்தார்கள்.

அப்படி ஒரு நாள் ஒரு பதிவு வந்தது. "எங்க லைன்ல பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கணும். கேட்டா எல்லார் முன்னாடியும், இப்பதானே போன, இன்னா டேட் வந்துடுச்சான்னு கேட்டு சிரிக்கிறாரு. நான் தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டேன். மத்த கம்பெனிலயும் இப்பிடித்தானா?" அவ்வளவுதான். கம்பெனி பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு ஜெராக்ஸுக்கும் இன்னொரு ஜெராக்ஸுக்கும் நடுவில் அதை அனுமதித்தேன். மாலைக்குள் அதன் கீழே பெண்கள் வரிசையாக எழுதிவிட்டார்கள். எங்க லைன்லயும் இப்பிடித்தான், எங்க லைன்ல இதைவிட மோசம், கேட்ட வாயைத் தைக்கணும். படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கியது. நம் குழு இல்லாவிட்டால் இவர்கள் இதை எங்கே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். காதில் சின்னத் தோடு, கையில் டிபன் பை இல்லை. கம்பெனி நேரத்தில் டிபன் பை இல்லாமல் வருகிறவள் வேலையில் இல்லாதவள் என்று எனக்குப் பார்த்ததும் தெரியும்.

"அக்கா, பி.எஃப். எடுக்க முடியுமான்னு பாக்கணும். கம்பெனில வேல விட்ட தேதி போட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

ஆதாரை வாங்கிப் பெயரைத் தட்டும்போது கை நின்றது. அந்தப் பெயரை நான் பார்த்திருக்கிறேன். டோக்கன் பதிவின் மேலே அட்மின்களுக்கு மட்டும் தெரியும் இடத்தில் இருந்த பெயர்.

"ஏன்மா வேலைய விட்ட?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி.

"எங்க விட்டேன், நிறுத்திட்டாங்க. க்ரூப்ல ஒண்ணு எழுதினேங்கா. பேர் இல்லாமதான் எழுதினேன். ரெண்டு நாள்ல என்னை ஸ்டிச்சிங்லேர்ந்து எடுத்து பேக்கிங்ல போட்டாங்க. அப்பறம் ஹெச்.ஆர். கூப்ட்டு, ஃபோன்ல எழுத உனக்கு டைம் ஜாஸ்தியா இருக்குது, வீட்ல உக்காந்து எழுதுன்னுட்டாரு."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒருத்திகிட்டதான் சொன்னேன். பக்கத்து மெஷின். சேந்து சாப்புடுவோம், சேந்து பஸ்ல வருவோம். என் கூடப் பொறக்காத குறை. அவதான் போட்டுக் குடுத்துட்டா." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. வேலை போனதைச் சொன்னபோது உடையாத குரல். "அவகூட பேசறதில்லை. நம்பர பிளாக் பண்ணிட்டேன்."

அந்தப் பெயர் தெரிந்தது அவளுடைய தோழிக்கு மட்டுமல்ல. எனக்குத் தெரியும், அந்த அண்ணனுக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை விட்ட தேதி இன்னும் போடவில்லை என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். "நீங்க ரொம்ப நல்லவங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை.

"ஆமா தங்கச்சி, சொன்னேன். ஹெச்.ஆர். நம்ம தோஸ்துதான். யாரோ நம்ம கம்பெனி டோக்கனப் பத்தி எழுதறாங்க போல இருக்குது, யாருன்னு தெரிஞ்சா கூப்ட்டு சமாதானமா பேசலாம்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னேன். அவங்க வேலைய விட்டு எடுத்தா நான் இன்னா பண்ண முடியும்?"

"பேர் வராதுன்னு நாம எழுதி வச்சிருக்கோமேண்ணா."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தானேம்மா. கம்பெனிக்காரன் கோச்சிக்கினா நாளைக்கு வேலைச் செய்தி யார் குடுப்பான்? க்ரூப் எதுல ஓடுது?"

 குழு எதில் ஓடுகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. இருந்தாலும் போனை வைத்ததும் அவரை அட்மினிலிருந்து எடுத்தேன்.  அன்று மாலையே அவர் குழுவில் ஒரு பதிவு போட்டார். வேலைப்பளு காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், இத்தனை நாள் ஆதரவு தந்த சகோதரிகளுக்கு நன்றி என்று. கீழே பெண்கள் குவிந்துவிட்டார்கள். போகாதீங்கண்ணா, உங்களாலதான் எனக்கு வேலை கிடைச்சுது, நீங்க நல்லா இருக்கணும். அவர் சேர்த்துவிடும் பெண்கள் என் கடைக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் உயர்த்தும் குறியைப் போட்டேன். முதலில் போட்ட சிலரில் நானும் ஒருத்தி. இன்றும் அந்தப் பதிவில் என் விரல் நிற்கிறது. பல முறை எடுக்கப் போய், எடுத்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆளை மாற்றியாகிவிட்டது, இனி நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் தன் தோழியைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகினேன். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது.

பிறகு ஒரு நாள் மதியம் அனுமதிக்காகக் காத்திருக்கும் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பெயர் மறைத்த ஒன்று இருந்தது. "என் ஃப்ரெண்ட் இந்த க்ரூப்லதான் இருக்கா. நான் அவளப் பத்தி யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மா சத்தியமா சொல்லல. ஃபோன பிளாக் பண்ணிட்டா, வீட்டுக்குப் போனா கதவத் தெறக்கல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதப் படிச்சா ஒரு மிஸ்டு கால் குடு." கீழே சிவப்பு இதயம் ஒன்று.

மேலே எழுதியவளின் பெயர் எனக்குத் தெரிந்தது. குடியாத்தம் பக்கத்துப் பெண். பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் இரண்டு பேர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். இரண்டாவது முகம், என் கடையில் டீ குடித்த முகம்.

எந்த இடத்தில் எழுதியதற்காக ஒருத்தி வேலையை இழந்தாளோ, அதே இடத்தில் இன்னொருத்தி வந்து, தன் பெயர் யாருக்கும் தெரியாது என்று நம்பி நின்றாள். அனுமதி என்றும் நிராகரி என்றும் இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் பொய்தான். கடையில் ஒரு பெரியவர் பட்டா நகல் எடுக்க நின்றார். "இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

ஆதாரில் பார்த்த ஊர் நினைவில் இருந்தது. பேரணாம்பட்டு பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கடையில் பார்த்த விவரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியின் வீடு தேடிப் போவதும் சரியில்லைதான். அது எனக்கு ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. திரும்பிப் போயிருந்தால் மறுபடி வந்திருக்க மாட்டேன்.

வீட்டு வாசலில் அம்மாவும் அவளும் முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு என்னைத் தெரியாது. என் ஹேண்ட்பேக்கையும் கழுத்தில் தொங்கிய கண்ணாடியையும் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தார்.

"கம்பெனிலேர்ந்து வர்றீங்களாம்மா? உக்காருங்க, உக்காருங்க. திரும்பக் கூப்புடுவாங்கன்னு நான் சொல்லிக்கினே இருந்தேன், இவதான் கேக்கல."

"இல்லம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன்.

"ஜெராக்ஸ் கடை அக்கா" என்றாள் அவள். "இன்னாக்கா இவ்ளோ தூரம்? தேதி போட்டுட்டாங்களா?"

பஸ்ஸில் நான் என்னென்னவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உன் ஃப்ரெண்டு சொல்லலம்மா" என்றேன். "அந்த க்ரூப்ப நடத்தறது நான்தான். பேர் மறச்சு எழுதினாலும் எங்களுக்குத் தெரியும். எங்க ஆளுதான் ஒருத்தரு ஹெச்.ஆர்.கிட்ட சொல்லிட்டாரு. அவர எடுத்துட்டேன்."

அவள் கையில் இருந்த பீடியை நூல் கட்டி முடித்தாள். அதைத் தட்டில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ கடைக்கு வந்தியே, அன்னிக்கு."

"அன்னிக்கா? நான் அவளத் திட்டினேனே, அப்பவா?"

"ஆமா."

"அதுக்குத்தான் டீ வாங்கிக் குடுத்தியா?"

அதுவரை நீங்க என்று சொன்னவள் அந்த இடத்தில் நீ என்றாள். எனக்கு அது சரியாகவே பட்டது. அவள் அம்மா ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தவர் செம்போடு பாதியில் நின்றிருந்தார்.

"அவ ஊட்டுக்கு வந்தாக்கா. மழைல வந்தா. நான் உள்ளே இருந்துக்கினே இல்லன்னு சொல்லச் சொன்னேன். எங்கம்மாவும் இல்லன்னாங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வேலை போனா வேற வேலை. பேஜார் புடிச்ச கம்பெனி, போவட்டும். அவகிட்ட நான் இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு பேசுவேன்?"

என் முன்னாலேயே போனை எடுத்துத் தோழியின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அந்தப் பக்கம். மெஷின் சத்தம் கேட்கவில்லை, மாலை டீ நேரமாக இருக்க வேண்டும்.

"நான்தான்" என்றாள் இவள்.

 "சாப்ட்டியா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து அழுகை கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து மறுபடி இலை வெட்ட ஆரம்பித்தார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "க்ரூப்ல எழுது" என்றாள். "எங்க பேர் வேணாம். ஆனா நடந்தத எழுது. உனக்குத் தெரிஞ்சும் சொல்லலன்றதயும் எழுது. மத்தவங்களும் நம்பிக்கினு எழுதிக்கினு இருக்காங்க இல்ல?"

எழுதுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே எழுதினேன். பெயர் மறைத்து எழுதினாலும் அட்மின்களுக்குத் தெரியும் என்று. அப்படி எழுதிய ஒருவரின் பெயர் எங்களால் வெளியே போனது என்று. அதனால் அவர் வேலை போனது என்று. எனக்குத் தெரிந்த பிறகும் வாய் மூடி இருந்தேன் என்று. கடைசி வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'சொல்லத் தாமதமாகிவிட்டது' என்று ஒரு முறை. அழித்தேன். 'சூழ்நிலை காரணமாக' என்று ஒரு முறை. அதையும் அழித்தேன். 'வாய் மூடி இருந்தேன்' என்பதையே விட்டேன்.

வந்த பதில்களை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. கம்பெனிக்காரன்கிட்ட எவ்ளோ வாங்கின என்று ஒருத்தி. நானும் எழுதியிருக்கேனே, என் பேர் யார்கிட்ட போச்சு என்று பலர். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அண்ணனிடம் கேட்டேன், வேற யாரையும் சொல்லலை என்றார். அதை நம்புங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழுவிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கடைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சிலர் எதிரில் இருக்கும் கடைக்குப் போனார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சிலர் திருப்பக்கூட மாட்டார்கள், நேராகப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பெயர் மறைக்கும் வசதியை மூடினேன். தலைப்பில் இருந்த வரியை எடுத்தேன். இருந்தவர்களிடமே கேட்டு, வேறு வேறு கம்பெனியில் வேலை செய்யும் மூன்று பெண்களை அட்மின் ஆக்கினோம். ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவர், ஆபீஸில் இருப்பவர் யாரும் வேண்டாம் என்பதை அவர்களே சொன்னார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்களும் கொஞ்ச நாள் வேணாங்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் ஆரம்பித்த குழுவில் இப்போது நான் பி.எஃப். கேள்விக்குப் பதில் சொல்லும் ஒருத்தி மட்டும்.

அந்தப் பெண்ணுக்கு வாணியம்பாடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தோழியும் அங்கேயே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு முறை ஆம்பூர் பஸ் நிலையத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கடையில் டீ குடித்தவள் என்னைப் பார்த்தாள். தலையை அசைத்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நான் அருகில் போகவில்லை. போய் என்ன பேசுவது?

போன வாரம் ஒருத்தி எனக்குத் தனியாக எழுதினாள். முகப் படம் இல்லை, ஒரு செம்பருத்திப் பூ மட்டும். "அக்கா, பேர் வராம ஒண்ணு சொல்லணும். முடியுமா?"

"முடியாதும்மா" என்று எழுதினேன். "நீ எனக்கு எழுதினா எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லலாம். ஆனா அத நம்பறதா வேணாமான்னு நீதான் பாத்துக்கணும்."

அவள் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் தெரிந்தன. நின்றன. மறுபடி தெரிந்தன. ஒரு பெண் பிறப்புச் சான்றிதழுக்கு வந்து நின்றாள். அவள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவள் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. சொல்ல அவளுக்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்பதும் தெரியாது.